புளோரன்சில் ஒரே நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

ரோஸ்ஹில்காரி:
வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் மொரீஷியஸிலிருந்து ரோம் போகிறோம். அதில் ஒரு நாள் புளோரன்சுக்கு, இப்போதைக்குத் திங்கட்கிழமை. காலை 9.30க்கு ரயிலில் இறங்கி, மாலை 7 மணி ரயிலில் திரும்ப எண்ணம். பட்டியல்: கதீட்ரலின் குவிமாடம் ஏறுவது, உஃபிஸி ஓவியக் கூடம், அக்காதேமியா அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை, போந்தே வெக்கியோ பாலம், பித்தி அரண்மனை, மேட்டின் மேல் இருக்கும் சதுக்கமான பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ. அம்மாவுக்கு 68 வயது. சமதளத்தில் நிதானமாக நடப்பார், படி ஏற முடியாது. புரட்டாசி விரதம் வேறு, முட்டையும் கிடையாது. இத்தனையும் ஒரு நாளில் முடியுமா?

வாக்வாவாசி:
தங்கச்சி, முதலில் கிழமையை மாற்றுங்கள். உஃபிஸி, அக்காதேமியா, பித்தி மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. செவ்வாய் அல்லது புதன் நல்லது. பயணம் அக்டோபருக்குத் தள்ளிப்போனால் இன்னொன்றையும் பாருங்கள்: கதீட்ரல் அருங்காட்சியகம் மாதத்தின் முதல் செவ்வாய் மூடியிருக்கும்.

ரோம் தெர்மினியிலிருந்து அதிவேக ரயில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சீட்டு எடுக்கும்போது இறங்கும் நிலையம் சாந்தா மரியா நொவெல்லாதானா என்று பாருங்கள். சில ரயில்கள் அங்கே வராமல் காம்போ தி மார்த்தேயில் நின்றுவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கதீட்ரல் 2 கிலோமீட்டருக்கு மேல், அம்மாவின் காலை காலையிலேயே சோர வைத்துவிடும். நொவெல்லாவிலிருந்து என்றால் செர்ரெத்தானி தெரு வழியாகச் சமதளத்தில் 10 நிமிடம், அம்மாவின் நடைக்கு 15.

குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் இல்லை. குவிமாடத்தின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் குறுகலாக ஏறும் பாதை அது, பாதியில் திரும்புவது பெரும்பாடு. அதனால் பிரிந்து பாருங்கள். உங்களுக்குக் குவிமாடமும் சேர்ந்த புருனெலெஸ்கி பாஸ், அம்மாவுக்குக் குவிமாடம் இல்லாத கிபெர்த்தி பாஸ். இரண்டிலும் கதீட்ரல் அருங்காட்சியகம் அடக்கம். 10.30க்கு நேரம் பதிந்து நீங்கள் மேலே ஏறுங்கள், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அதுவரை அம்மா அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். லிஃப்ட் உண்டு. சிற்பி கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை செய்த சொர்க்க வாசல் கதவுகளின் அசல் அங்கேதான் இருக்கிறது. வெளியே ஞானஸ்நானக் கூடத்தில் எல்லோரும் முண்டியடித்துப் படமெடுப்பது நகல். மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட பியத்தா என்ற, இறந்த இயேசுவைத் தாங்கும் சிலையும் அங்கே உண்டு. என் கணிப்பில் அந்த ஊரில் கூட்டத்துக்கு மிகக் குறைவாகவும் தரத்தில் மிக உயர்வாகவும் உள்ள இடம் அதுதான்.

பதிந்த நேரம் தவறினால் குவிமாடத்துக்கு விட மாட்டார்கள், பணமும் திரும்பாது. ரயில் தாமதமாகலாம் என்பதால் 10.30க்கு முன் பதியாதீர்கள். பெரிய பையோடும் ஏற முடியாது, சுமையை நிலையத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை இருவருக்கும் வேண்டும்.

கதீட்ரலின் உட்புறம் இலவசம், ஆனால் வரிசை நீளம், பிற்பகல் 3.45க்குள் மூடிவிடுவார்கள். உள்ளே வெறுமை அதிகம், விட்டுவிடலாம். பிறகு கால்சாயுவோலி தெரு வழியாக சின்யோரியா சதுக்கம், 500 மீட்டர், வண்டிகள் இல்லாத தெரு. சாப்பாடு 12.45க்கு. 2.30க்குப் பல சமையலறைகள் மூடி மாலை 7க்குத்தான் திறக்கும். 2.15க்கு உஃபிஸி, இரண்டரை மணி நேரம். அங்கே ஓவியக் கூடங்கள் மேல்மாடியில், படிக்கட்டு மிக நீளம். வாசல் ஊழியரிடம் முழங்காலைக் காட்டிச் சொன்னால் லிஃப்டுக்கு அனுப்புவார்கள். பித்தியை விடுங்கள். அக்காதேமியாவையும் விடலாம்.

மாஹேபூர் அக்கா:
முன்னவர் சொன்னதில் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அம்மா சோர்வார் என்றால் விட வேண்டியது உஃபிஸிதான். இரண்டரை மணி நேரம் கல் தரையில் நிற்பது முழங்காலுக்கு நடையைவிடக் கொடுமை. ஓவியர் போத்திச்செல்லியின் அறைக்குப் போவதற்குள்ளேயே கால் கடுக்கும். அக்காதேமியா சிறியது, முக்கியமானதெல்லாம் தரைத்தளத்தில், ஒரு மணி நேரம் போதும். கதீட்ரலிலிருந்து ரிக்காசோலி தெருவில் நேரே 500 மீட்டர். சின்யோரியா சதுக்கத்தில் நிற்கும் டேவிட் 1910இல் வைத்த நகல். அசல் 5.17 மீட்டர், 1873இல் உள்ளே கொண்டுபோனது. வலது கையின் நரம்பு எடுப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும், நகலில் அது வராது. ஒன்று: அக்காதேமியாவில் பைகளை வைக்க இடமே கிடையாது, பெரிய பையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சதுக்கத்தில் லோஜ்ஜா தேய் லான்ஸி என்ற திறந்த மண்டபத்தை மறக்காதீர்கள். செல்லினியின் பெர்சியுஸ் வெண்கலச் சிலையைக் காசில்லாமல் பார்க்கலாம்.

ரோஸ்ஹில்காரி:
மிக்க நன்றி. செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன். உஃபிஸியை விட்டு அக்காதேமியா. அம்மாவுக்குச் சாப்பாடு? மாலையில் சூரியன் மறைவதையும் பார்க்க ஆசைப்படுகிறார்.

கத்ரபோர்ன் சமையல்:
நம் பிரெஞ்சு அங்கே சில கடைகளில் எடுபடும். ஆனால் வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். "சென்ஸா கார்னே, சென்ஸா உவோவா" என்று கேளுங்கள், இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று பொருள்.

பாஸ்தாவில் தாலியதெல்லே, பப்பர்தெல்லே போன்ற புதுப்பாஸ்தாவில் முட்டை இருக்கும். உலர்ந்த ஸ்பகெட்டி, பென்னேயில் பொதுவாக இருக்காது. பீச்சி என்ற பாஸ்தா வெறும் மாவும் தண்ணீரும்தான், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பப்பா அல் பொமொதோரோ நல்ல தேர்வு: பழைய ரொட்டி, தக்காளி, பூண்டு, துளசி, ஆலிவ் எண்ணெய். ரிபொல்லீத்தா பீன்ஸும் கீரையும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, நம் வாய்க்குப் பிடிக்கும். இரண்டையுமே சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள், "ப்ரோதோ தி கார்னே" போட்டதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். தெருவண்டிகளில் விற்கும் லம்ப்ரெதோத்தோ மாட்டின் நான்காவது இரைப்பை, அந்தப் பக்கமே வேண்டாம். பர்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்க கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும், அம்மா கண்டிப்பாக இருப்பவர் என்றால் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஜெலாத்தோவில் பழ சோர்பெத்தோ பாதுகாப்பு, கிரீம் வகைகளில் மஞ்சள் கரு இருக்கலாம். ரொட்டியில் உப்பே இருக்காது, அந்த ஊர் வழக்கம் அது. கையில் சிறு ஊறுகாய் பாக்கெட் இருந்தால் அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

வாக்வாவாசி:
செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவது 7 மணியையொட்டி. எனவே திரும்பும் ரயிலை 8.30க்குப் பிறகு எடுங்கள். மலிவுச் சீட்டைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் இதை முதலில் முடிவு செய்யுங்கள்.

5 மணிக்கு போந்தே வெக்கியோ. 1345இல் கட்டியது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் தகர்க்காமல் விட்ட ஒரே பாலம். நகைக்கடைகள் 1593 முதல் இருக்கின்றன, அதற்கு முன் இறைச்சிக்கடைகள். பாலத்தின் மேல் நெரிசல், அம்மாவோடு கிழக்கே அடுத்த பாலமான அல்லே கிராத்சியேயிலிருந்து பார்ப்பதே அழகு.

பியாட்சாலே மைக்கேலாஞ்சலோவுக்கு நடந்து ஏறினால் படிதான். 12 அல்லது 13 பஸ் மேலே போகும், எந்தத் திசையில் என்று நிறுத்தப் பலகையில் பாருங்கள். வங்கி அட்டையை வண்டியில் தட்டினால் சீட்டு, 90 நிமிடம் செல்லும். டாக்சியை நடுத்தெருவில் கைகாட்டி நிறுத்த முடியாது, டாக்சி நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும், அல்லது உணவகத்தில் சொல்லி அழைக்க வேண்டும். 6.15க்கு மேலே இருந்தால் கைப்பிடிச்சுவர் ஓரமாக இடம் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே பஸ்ஸுக்கு ஓடுவார்கள், 10 நிமிடம் முன்னதாக நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள்.

கடை தேடும்போது இன்னொரு கவனம்: அங்கே ஒரே தெருவில் கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு வேறு எண். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஆர் (r) எழுத்து இருந்தால் சிவப்பு வரிசையைப் பாருங்கள். நம் ஊரின் மூன்று சதுரக் கால் பிளக் அங்கே நுழையாது, இரண்டு உருளைக் கால் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.