கொழும்பு ஹாஸ்டலில் மூன்று நாளாகக் காய்ச்சல், மலையேறப் போகலாமா?

பொள்ளாச்சிக்காரி:

வணக்கம். தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தவள், இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பேர் தூங்கும் அறையில் மேல்கட்டிலில் சுருண்டு கிடக்கிறேன். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம், யாழ்ப்பாணத்தில் ஆறு நாள், பிறகு ரயிலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வந்து இறங்கினேன். மறுநாள் பகல் முழுக்கப் புறக்கோட்டைச் சந்தில் அலைந்துவிட்டு சாயங்காலம் காலி முகத்திடலில் இறால் வடை சாப்பிட்டேன், அன்று இரவே குளிர் நடுக்கம். முதலில் அந்த வடையைத்தான் திட்டினேன். ஆனால் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பை அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, 102க்கு மேல் காய்ச்சல். ஊரிலிருந்து கொண்டு வந்த காம்பிஃப்ளாம் இதுவரை நாலு போட்டாயிற்று. போட்டால் வியர்த்து இறங்குகிறது, நாலைந்து மணி நேரத்தில் மறுபடி ஏறுகிறது.

கீழே மருந்துக் கடையில் டோலோ கேட்டால் அவருக்குப் புரியவில்லை, நானும் நிற்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், நாளை மறுநாள் சிவனொளிபாத மலைக்குப் போக அடிவாரத்து நல்லதண்ணியில் அறைக்குப் பணம் கட்டிவிட்டேன், திரும்ப வராது. இன்று காலையிலிருந்து காய்ச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. போகலாமா? அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பார்.

வெள்ளவத்தை06:

தங்கச்சி, மலை சீசன் வெசாக் (மே மாதப் பௌர்ணமி) வரைக்கும் இருக்கிறது. இப்போது தை மாதம்தானே. அறைக் காசை மறந்துவிடுங்கள்.

முதல் வேலை, அந்தக் காம்பிஃப்ளாமை நிறுத்துங்கள். அதில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது. டெங்கு என்றால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் ஆகாது, இரத்தக் கசிவு கூடிவிடும். இங்கே பனடோல் என்று கேளுங்கள், உங்கள் டோலோவில் இருக்கும் அதே பாராசிட்டமோல்தான், ஆனால் 500 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது.

யாழ்ப்பாணத்திலும் மாரி மழைக்குப் பிறகு மார்கழி, தையில்தான் டெங்கு கூடும். நுளம்பு (உங்கள் ஊர்க் கொசுதான்) கடித்து நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும். கணக்குப் பார்த்தால் அங்கேயே கடிபட்டு வந்திருக்கவும் இடமுண்டு. பாவம் இறால் வடை.

2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு. என் தம்பியும் அதில் ஒருவன். வார்டில் கட்டில் இல்லை, தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான், தலைமாட்டில் ஒரு கொப்பியில் எவ்வளவு தண்ணீர் குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனது என்று மணிக்கு மணி நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் காய்ச்சல் விட்ட அன்றுதான் பிரச்சினை தொடங்கியது. "இனிச் சுகம், வீட்டுக்குப் போகலாம்" என்று எழும்பியவன் கழிவறை வாசலில் விழுந்தான். அதனால்தான் நீங்கள் "குறைந்த மாதிரி" என்று எழுதியதைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதுகுப்பை:

எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். எல்லாக் காய்ச்சலும் டெங்கு இல்லை. காத்மாண்டுவில் எனக்கு இதே மாதிரி வந்தது, இரண்டு நாள் படுத்தேன், மூன்றாம் நாள் பஸ் ஏறினேன். ஊர் மாறினால், தண்ணீர் மாறினால் உடம்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

பார்மசிப் பையன்:

முதுகுப்பை அண்ணா, டெங்கு இல்லாமல் இருந்தால் நல்லதுதான், ஆனால் படுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை அது. இன்று மூன்றாம் நாள், இன்றே இரத்தம் கொடுக்க வேண்டும்.

அக்கா, இங்கே எஃப்பிசி (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) என்று சொல்லுங்கள். எந்த லேப்பிலும் சில மணித்தியாலத்தில் ரிப்போர்ட் தருவார்கள். டெங்கு என்எஸ்1 என்று இன்னொன்று உண்டு, முதல் சில நாளில்தான் அது நன்றாகக் காட்டும், அதனால் அதையும் இன்றே செய்துவிடுவது நல்லது. என்எஸ்1 நெகட்டிவ் என்று வந்தாலும் எஃப்பிசியை நாளுக்கு நாள் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். எல்லாரும் பிளேட்லெட்டை (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மட்டும்தான் பார்க்கிறார்கள், பக்கத்தில் பிசிவி என்று ஒரு எண் இருக்கும், அது ஏறிக்கொண்டு போனால் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். டொக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

டொக்டர் எங்கே என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டுக்கு நேரம் பதிவதை இங்கே "சனல் பண்ணுவது" என்பார்கள், இப்போது உங்களுக்கு அது தேவையில்லை. வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் சின்ன டிஸ்பென்சரி நிறைய உண்டு, தமிழிலேயே சொல்லலாம். மாத்திரையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு மேலே பேனையால் எத்தனை வேளை என்று எழுதித் தருவார்கள், ஒரு உறையும் திறக்கும் முன் "இதில் வலி மாத்திரை இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். நாலு காம்பிஃப்ளாம் போட்டதையும் மறைக்க வேண்டாம்.

இந்தியாவிலிருந்து வந்தவர் என்றும் கட்டாயம் சொல்லுங்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, அதனால் வெளியிலிருந்து காய்ச்சலோடு வந்தால் மலேரியாவுக்கும் இரத்தம் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வெள்ளத்திலோ வயலிலோ கால் வைத்தீர்களா? வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும்.

விடாமல் சத்தி (வாந்தி), கடுமையான வயிற்றுவலி, முரசில் (பல் ஈறில்) இரத்தம், எழும்பினால் தலைசுற்று, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, இதில் ஒன்று வந்தாலும் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

கொட்டாஞ்சேனை மாமி:

பிள்ளை, முதலில் சாப்பிட்டீர்களா? ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். கொத்தமல்லியை வறுத்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு அவித்த தண்ணீர், கஞ்சித் தண்ணி, தம்பிலி (அந்தச் செம்மஞ்சள் இளநீர், ரோட்டோரத்தில் குலை குலையாகத் தொங்கும்), பார்மசியில் ஜீவனி பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்), எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும். பீட்ரூட், சாக்லேட், சிவப்புச் சோடா ஒன்றும் வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா நிறமா என்று டொக்டருக்குத் தெரியாமல் போய்விடும். பப்பாளி இலைச் சாறும் இரண்டு கரண்டி குடியுங்கள்.

ஹொஸ்டல்காரரிடம் நுளம்புவலை கேட்டு வாங்குங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், உங்களைக் கடித்த நுளம்பு பிறகு மற்ற ஏழு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். கீழ்க்கட்டிலும் கேளுங்கள், தலைசுற்றினால் அந்த ஏணியில் இறங்கவா முடியும்?

பார்மசிப் பையன்:

மாமி, மற்றது எல்லாம் சரி. பப்பாளி இலையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை மாமி:

போக வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

பொள்ளாச்சிக்காரி:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அன்று சாயங்காலமே வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். என்எஸ்1 பாசிட்டிவ். பிளேட்லெட் அன்று 168,000, நாலாம் நாள் 121,000, ஐந்தாம் நாள் 84,000. ஒரு லட்சத்துக்குக் கீழே போனதும் டாக்டர் சேர்ந்துவிடச் சொன்னார், மூன்று இரவு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ட்ராவல் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சேர்வதற்கு முன்பே போன் பண்ணச் சொன்னது அங்கே ஒரு நர்ஸ், அந்த ஒரு போனால் பில்லில் பெரும்பகுதி தப்பித்தது.

வெள்ளவத்தை அண்ணா, காய்ச்சல் சுத்தமாக விட்டது ஐந்தாம் நாள் காலையில். உடம்பு லேசாகி, பசிகூட எடுத்தது. நீங்கள் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் அன்று நான் நல்லதண்ணிப் படிக்கட்டில் பாதி தூரத்தில் இருந்திருப்பேன். அன்று மத்தியானம்தான் பிசிவி ஏற ஆரம்பித்தது, சலைன் போட்டார்கள். ஒன்றரை நாள் மணிக்கொரு தடவை பிபி பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தூக்கமே இல்லை.

இப்போது 112,000, ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை, பாதம் எல்லாம் ஒரே அரிப்பு, ஆறிவரும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். விமானம் ஏற இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சொன்ன மறுநாளே கட்டுநாயக்காவில் வந்து இறங்கிவிட்டார். மாமி இங்கே தனிச்செய்தியில் அனுப்பிய எண்ணை அவரிடம் கொடுத்தது என் தப்பு. ஒரு மணி நேரமாக இரண்டு பேரும் போனில் பப்பாளி இலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.