ஓபரா அரங்கக் கொலை: ஒரு துப்பு மட்டும் வேணும்

கேள்வி:
ஓபரா அரங்கில் நடக்கிற துப்பறியும் விளையாட்டை மூணு ராத்திரியா ஆடிட்டிருக்கேன். பாடகி ஒப்பனை அறையில் செத்துக் கிடக்கிறார். கதவு உள்பக்கம் தாழ். மேசையில் ஒற்றைக் கையுறை. இசை நடத்துநர் பொய் சொல்றார்னு மனசு அடிச்சுச் சொல்லுது, நிரூபிக்க முடியலை. விடையைச் சொல்லிடாதீங்க, எங்கே பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க.

பதில்:
யார் எங்கே இருந்தாங்கன்னு கேட்கிறதை விடுங்க. அப்போ மேடையில் எந்தப் பாட்டு ஓடிச்சுன்னு கேளுங்க, ஓபராவில் அதுதான் கடிகாரம். நிகழ்ச்சித் தாளை எடுத்து ஒவ்வொருத்தர் வாக்குமூலத்தையும் பாட்டு வரிசையோட ஒட்டிப் பாருங்க. நடத்துநர் வாத்தியக்காரங்க முன்னாடி நின்னிருந்தா அரங்கமே சாட்சி. நானும் முதல்ல அவரைத்தான் பிடிச்சுத் தொங்கினேன்.

பதில்:
மேலேயும் பாருங்க. மேடைக்கு மேல திரைகளைக் கயிறும் எதிர் எடையும் வச்சுத்தான் தூக்குவாங்க. பாரிஸில் இருக்கிற கார்னியே ஓபரா அரங்கில் 1896ல சரவிளக்கோட எதிர் எடை விழுந்து பார்வையாளர் ஒருத்தர் இறந்தே போனார். இந்த விளையாட்டை எழுதினவங்களுக்கு அது மனசில் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, அந்தக் கையுறை! பெரிதாக்கிப் பார்த்தா உள்ளங்கையில் கயிறு உரசின கோடு, ஓரத்தில் நார் ஒட்டியிருக்கு. பாடகியோடதுன்னே நினைச்சுட்டிருந்தேன். திரை இழுக்கிறவர்கிட்ட ஒரு தடவைகூடப் பேசலை. இப்பவே போறேன்.