பேஸ்மேக்கர் வைத்த மாமியார் இருக்கும் வீட்டில் எந்தக் காந்தத்தை எடுக்கணும், எதை விடலாம்?

காவேரிப்பட்டணம் மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா) வயசு 67. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பெங்களூருல பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்குற கருவி) வச்சாங்க. இடது காறை எலும்புக்குக் கீழ தோல் லேசா மேடு தட்டித் தெரியும். "காந்தம் கிட்டப் போகக் கூடாது"ன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரே ஒரு வரி சொன்னாங்க. எந்தக் காந்தம், எவ்வளவு தூரம்னு நான் கேக்குறதுக்குள்ள அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டாங்க.

வீட்டுக்கு வந்து பாத்தா திரும்பின பக்கமெல்லாம் காந்தம். வாசல்ல நடுவுல தானா ஒட்டிக்கிற கொசுவலைத் திரை, பிரிட்ஜ் கதவு, என் மொபைல் கவர் மூடி. மாமா மூட்டுவலிக்குன்னு பஸ் ஸ்டாண்டுல வாங்கின காந்தக் காப்பு வேற. ரத்தத்துல இருக்கிற இரும்பை அது இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும்னு நம்புறார். அத்தை கொசுவலையைத் தாண்டும்போது முந்தானையைச் சுருட்டி மார்மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஒருக்களிச்சு நுழையறாங்க. மூணு நாளா பிரிட்ஜைத் தொடல. மோர் வேணும்னா என்னைக் கூப்பிடுறாங்க. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு. பையன் (9 வயசு) திருவிழாக் கடையில வாங்கின காந்த உருண்டை செட் வச்சிருக்கான். மிளகு சைஸ்ல பளபளன்னு இருக்கும். ஒன்றரை வயசுப் பாப்பாவும் கூடவே உக்காந்து விளையாடுது. காந்தம் பக்கத்துல இருந்தா சின்னக் குழந்தை மூளைக்கு ஏதும் ஆகுமா?

சேலம் சிஸ்டர்
நான் இதயப் பிரிவுல செவிலியரா இருக்கேன்மா. உங்க அத்தைகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க: பேஸ்மேக்கர் செக்கப்புக்கு வந்தா நாங்களே வளையம் மாதிரி ஒரு காந்தத்தை அது மேல வச்சுப் பார்ப்போம். உள்ளே காந்தத்தை உணரும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. காந்தம் மேல வந்ததும், இதயம் தானா துடிக்குதா இல்லையான்னு பார்க்காம, ஒரே வேகத்துல துடிப்பு கொடுக்க ஆரம்பிக்கும். காந்தத்தை எடுத்தா பழையபடி ஆயிடும். பொதுவா மிஷின் நின்னு போகாது, கெட்டும் போகாது. ஆனா அந்த நிலையில ரொம்ப நேரம் இருக்கிறது நல்லதில்ல, தலைசுத்தல், படபடப்பு வரலாம். அதுக்குத்தான் எச்சரிக்கை.

தூரம் 15 செ.மீ. இருந்தாப் போதும். ஒரு சாண்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேலயே இருக்கும். கொசுவலையைத் தாண்டலாம், பிரிட்ஜைத் திறக்கலாம். கதவு மேல நெஞ்சைச் சாய்ச்சுக்கிட்டு நிக்க வேண்டாம், அவ்வளவுதான். மொபைலை ஜாக்கெட்டுக்குள்ள செருகுற பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, பேசும்போது வலது காதுல வச்சுப் பேசட்டும். காந்தம் வச்ச சேலை ப்ரூச் வேண்டாம். சாதாரண ஊக்கு குத்தலாம். இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தா ரெண்டடி தள்ளி நிக்கணும். எம்ஆர்ஐ ஸ்கேன் (பெரிய காந்தம் வச்ச மிஷின்) எடுக்கச் சொன்னா பேஸ்மேக்கர் கார்டை முதல்ல காட்டணும். எல்லா பேஸ்மேக்கரும் அதுக்கு ஒத்துவராது.

அவங்களுக்கு வச்சது ஷாக் கொடுக்கிற ஐசிடி இல்லையேன்னு கார்டுல ஒரு தடவை பாத்துடுங்க. ஐசிடின்னா காந்தம் மேல இருக்கிற வரைக்கும் அந்த ஷாக் வேலை செய்யாது, அதனால இன்னும் கவனம் வேணும்.

ஓசூர் டூல்ரூம்
அக்கா, நான் கிரைண்டிங் மிஷின்ல காந்தச் சக்குல (இரும்பைப் பிடிச்சு நிறுத்துற காந்த மேடை) தினமும் கை வச்சு வேலை பாக்குறவன், பதினாலு வருசமாச்சு. கை நசுங்கின ஆளைப் பாத்திருக்கேன், காந்தத்தால சீக்கு வந்த ஆளைப் பாத்ததில்ல.

உங்க வீட்டுக் காந்தத்தை நீங்களே அளக்கலாம். மொபைல்ல திசைகாட்டிக்காகவே ஒரு காந்த சென்சார் இருக்கு. அதைக் காட்டுற இலவச ஆப் இறக்குங்க. பீரோ, கட்டில் இல்லாத இடத்துல நின்னு பாத்தா நம்ம பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்குற அலகு) காட்டும். அது பூமியோட காந்தம். அப்புறம் மெதுவா பிரிட்ஜ் கதவுகிட்ட கொண்டு போங்க. பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு எச்சரிக்கை அளவு 500. எந்தத் தூரத்துல 500 தாண்டுதுன்னு ஸ்கேலால அளந்து அத்தை கண் முன்னாடியே காட்டுங்க. காந்தத்துல போனை ஒட்ட வச்சிடாதீங்க, திசைகாட்டி குழம்பிடும். காந்தக் கவரைக் கழட்டிட்டு அளக்கணும்.

பாலக்கோடு அறிவியல் ஆசிரியர்
ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுக்கும் என்று உங்கள் மாமாவைப் போலப் பலரும் நம்புகிறார்கள். உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் அது ஆணியைப் போல உலோகமாக இல்லை, ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை, மிக மிக லேசாகத் தள்ளவே செய்கிறது. பிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தம் அதன் மேற்பரப்பில் சுமார் 5 மில்லிடெஸ்லா (1 மில்லிடெஸ்லா என்பது 1000 மைக்ரோடெஸ்லா, 1000 மில்லிடெஸ்லா என்பது 1 டெஸ்லா). எம்ஆர்ஐ 1.5 டெஸ்லா, அதாவது 300 மடங்கு. அதற்குள் படுத்து வருபவர்களுக்கே ரத்த ஓட்டம் மாறுவதில்லை. காப்பு மூட்டுவலியைக் குறைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பேஸ்மேக்கர் போன்ற கருவி வைக்காத பொதுமக்களுக்கு 400 மில்லிடெஸ்லா வரை பாதுகாப்பு என்று ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச அமைப்பு 2009இல் வரையறுத்தது. வீட்டுக் காந்தம் பக்கத்தில் இருப்பதால் குழந்தையின் மூளைக்கு ஒன்றும் ஆகாது. தூரம் இரட்டிப்பானால் காந்தப்புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.   

அரூர் அம்மா
யாரும் அந்த உருண்டையைப் பத்திப் பேசலையே! தங்கச்சி, இதைப் படிச்ச உடனே எந்திரிச்சுப் போய் அந்த டப்பாவை எடுத்து மேல வைங்க. என் பொண்ணுக்கு மூணு வயசுல நடந்தது. வயித்து வலி, வாந்தி. வெயில், சாப்பாடு சேரலன்னு ரெண்டு நாள் மருந்து குடுத்தோம். எக்ஸ்ரேல பாத்தா வயித்துல முத்து கோத்த மாதிரி நாலு உருண்டை. ஒரு குடல் வளைவுல ரெண்டு, இன்னொண்ணுல ரெண்டு. நடுவுல சிக்கின குடல் சுவரு ஓட்டையாகிப் போச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. இப்ப நல்லா இருக்கா, வயித்துல தழும்பு இருக்கு.

சேலம் சிஸ்டர்
அம்மா சொல்றது சத்தியம், நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஒண்ணை விழுங்கினா பெரும்பாலும் மலத்தோட வந்துடும். ரெண்டு, இல்ல ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும்னா குடலுக்குள்ள ஒண்ணையொண்ணு தேடி ஒட்டிக்கும். சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் குடுக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்க. பக்கவாட்டிலயும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க, ஒட்டியிருக்கிறது நேர்ல ஒண்ணாத் தெரியலாம். அமெரிக்காவுல இந்த மாதிரி விழுங்குற சைஸ் காந்தத்துக்கு 2022ல வலு வரம்பே போட்டாங்க.

செட்ல மொத்தம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

காவேரிப்பட்டணம் மருமகள்
எண்ணினேன். டப்பாவுல 216ன்னு போட்டிருக்கு. வரிசைக்கு ஆறாக் கட்டிப் பாத்தா 214தான் இருக்கு. பையன் தெரியலங்கிறான். கை நடுங்குது. பாப்பா நல்லாத்தான் விளையாடுறா, ஆனாலும் கிளம்பிட்டோம்.

காவேரிப்பட்டணம் மருமகள் (மறுநாள்)
கிருஷ்ணகிரியில நேராவும் பக்கவாட்டாவும் எக்ஸ்ரே எடுத்தோம். வயித்துல ஒண்ணும் இல்ல. ராத்திரி வீட்டுக்காரர் டார்ச் அடிச்சுத் தேடினார். தையல் மிஷின் இரும்புக் காலோட உள்பக்கம், பாப்பா தவழ்ந்து போற உயரத்துல, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அரூர் அக்கா, உங்களை மறக்கவே மாட்டேன்.

கார்டைப் பாத்தோம், சாதாரண பேஸ்மேக்கர்தான். ஆப் வச்சும் அளந்தோம். பிரிட்ஜ் கதவுல ஒரு சாண் தள்ளி 46, கொசுவலையில 58. மாமா காப்பு மட்டும் ரெண்டு விரக்கடையில 500ஐத் தாண்டிடுச்சு. தூக்கத்துல கை அத்தை மேல விழுமேன்னு அவரே கழட்டி ஆணியில மாட்டிட்டார். இன்னிக்குக் காலையில அத்தையே பிரிட்ஜைத் திறந்து மோர்ச் சொம்பை எடுத்தாங்க.

அந்த 216 உருண்டையை என்ன பண்றது? குப்பை வண்டியில போடலாமா?

ஓசூர் டூல்ரூம்
உதிரியாப் போடாதீங்க அக்கா, பொறுக்குற பிள்ளைங்க கையில கிடைக்கும். மொத்தத்தையும் ஒரே கட்டியா உருட்டி, டேப்பை நாலஞ்சு சுத்து சுத்தி, மூடி போட்ட தகர டப்பாவுல அடைச்சு எனக்கு அனுப்புங்க. எங்க பட்டறை ஸ்கிராப்புல சேர்த்துடுறேன்.