தோற்றால் மத்தியானம் வீடு, வென்றால் நடுச்சாமம்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உப்புவெளிப் பின்களம்:
உறவுகளே, நாங்கள் திருகோணமலைப் பக்கம். வருகிற ஞாயிறு மட்டக்களப்பில் நாற்பது தாண்டியவர்களுக்கான எழுவர் உதைபந்தாட்டம். விலகல் முறை, தோற்றால் அத்தோடு வெளியே. எனக்கு 43 வயது, சின்ன இரும்புக்கடை. ஞாயிறு பூட்டுவதால் கடையால் தொல்லை இல்லை. மகள்தான் யோசனை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு வகுப்பு, ஏற்றி இறக்குவது நான்.

போன மாதம் வவுனியாவுக்குப் போனோம். எப்படியும் முதல் ஆட்டத்தோடு கழன்றுவிடுவோம் என்று நம்பி, "இரண்டு மணிக்கு வந்திடுவன்" என்றேன். கெட்ட காலம், வென்றுகொண்டே போனோம். அரையிறுதியில் பெனால்டியைத் தடுத்த கோல் காப்பாளரை எல்லாரும் தூக்கிக் கொண்டாட, நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும் வழியில் ஹொரவப்பொத்தானை தாண்டும்போது இரவு ஒன்பது. யானைக்குப் பயந்து வான் ஊர்ந்தது. பிள்ளை வகுப்புக்குப் போகவில்லை. மனைவி ஒரு சொல் பேசவில்லை, சோறு மட்டும் மூடி வைத்திருந்தாள். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

விளையாட்டை விடச் சொல்லாதீர்கள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:
தம்பி, நாங்கள் ஆடிய காலத்தில் திருமலை நகரத்துக்குப் பயிற்சிக்கு வரவே துறையடியில் பாதைக்கு, அதுதான் அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகுக்கு, காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தார்கள், அதற்குள் என் முழங்கால் போய்விட்டது. சரி, அதை விடுங்கள்.

இப்போது திருமலையிலிருந்து மட்டக்களப்புக்கு மூதூர், வெருகல், வாகரை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். தூரம் பெரிதில்லை, கழக வான்தான் பெரிது. கடைசி ஆள் குளித்து, கொத்து ரொட்டி சாப்பிட்டு முடியும்வரை அது அசையாது. அவசரமுள்ள இன்னொருவரோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளில் போங்கள். தலைவரிடமும் "அரையிறுதிக்கு நான் இல்லை" என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாற்று வீரர்களைச் சும்மாவா கூட்டிப் போகிறீர்கள்?

மென்பந்துக்காரர் வீட்டம்மா:
அண்ணா, மூடி வைத்த சோற்றைச் சமாதானம் என்று எண்ணிவிடாதீர்கள்!

நீங்கள் போவதில் எங்களுக்குக் கோபமில்லை. அந்த "வந்திடுவன்" இருக்கிறதே, அதுதான். அதை நம்பி ஆட்டோவும் சொல்லாமல், பிள்ளையை வெளிக்கிடுத்தி வாசலில் வைத்துக்கொண்டு நிற்பது நாங்கள். இப்போது இவர் போட்டி நாளில் "நான் இல்லை என்று நினை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு எங்கள் மகனும் ஆட்டோவில் வகுப்புக்குப் போகிறான், காசு பாதிப் பாதி. அவர் முந்தி வந்தால் லாபம்.

அப்புறம், நானா சொல்கிற மோட்டார் சைக்கிள் வேண்டாம். மூன்று ஆட்டம் ஆடிய காலோடு அவ்வளவு தூரம் ஓடுவது நல்லதில்லை.

உப்புவெளிப் பின்களம்:
தங்கச்சி சொன்னபடியே நேற்றிரவு சொன்னேன்: "இரவு பத்தாகும், என்னைப் பார்க்க வேண்டாம்." மனைவி நிமிர்ந்து பார்த்து, "ஓ, வெல்லப் போறீங்க எண்ட நினைப்பா?" என்றாள்.

ஆட்டோ பேசியாயிற்று.