கார் சாக்கெட்டுக்குத் தமிழ்ப் பெயர்: மின்குழி, குழிச்செருகி

நண்பர்களுக்கு வணக்கம்.

காரில் போன் சார்ஜர் செருகும் உருளை வடிவச் சாக்கெட்டுக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: சிகரெட் பற்றவைப்பான், மின்வாய், மின்துளை. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. மின்வாய் வேதியியலில் எப்போதோ இடம்பிடித்துவிட்டது. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். துளை குறைகடத்தி (செமிகண்டக்டர்) இயற்பியலுக்குப் போய்விட்டது. சிகரெட் பற்றவைப்பான் என்பதோ குழியின் பெயரே இல்லை. குழிக்குள் அழுத்தி வைத்தால், கம்பிச்சுருள் சூட்டில் பழுத்ததும் துள்ளி வெளிவருகிற பொருளின் பெயர் அது.

நான் முன்வைப்பது மின்குழி. அதில் செருகுவது குழிச்செருகி. வெறும் செருகி என்றால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சுவரில் செருகுவது வேறு, இது வேறு. கோளாறுகள் எல்லாம் அந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

சுவர்ச் செருகியின் கால்களைச் சாக்கெட் இறுகப் பிடித்துக்கொள்ளும். மின்குழியில் அந்தப் பிடிமானம் கிடையாது. செருகியின் நுனியில் ஸ்பிரிங் வைத்த நேர்முனை, குழியின் அடியை அழுத்துகிறது. அதே ஸ்பிரிங்தான் செருகியை வெளியே தள்ளவும் செய்கிறது. பக்கவாட்டில் உள்ள எதிர்முனைத் தகடுகளின் உரசல் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்துகிறது. போதாக்குறைக்கு, அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்ஏஇ ஜே563 தரத்திலேயே குழிக்கு இரண்டு அளவுகள். இரண்டும் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர்தான். ஆனால் செருகி ஆடுவதற்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டேஷ்கேம் அணைந்து மறுபடி எரிகிறதென்றால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆடினால் சூடாகும். 120 வாட் டயர் பம்புக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். வீட்டு 230 வோல்ட்டில் அதே திறனுக்கு அரை ஆம்பியர் போதும். தளர்ந்த தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 10 ஆம்பியர் ஓடும்போது 10 வாட் வெப்பம் அந்தச் சின்ன நுனியில் சேரும். பிளாஸ்டிக் இளகிவிடும். உருகி (ஃபியூஸ்) இதைக் காப்பாற்றாது, ஏனென்றால் மின்னோட்டம் அதிகரிக்கவே இல்லை. மெக்கானிக்குகள் லூஸ் காண்டாக்ட் என்பது இதைத்தான். இதற்குத் தளர்தொடுகை என்று ஒரு சொல்லையும் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறேன்.

---

மறுமொழி:

ஐயா, மின்குழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர் என்றால், வாகனக் கையேடுகளைத் தமிழாக்கும்போது நான் முட்டி நிற்பேன். சில கார்களில் இரண்டு குழிகள் இருக்கும். ஒன்றில் பற்றவைப்பானைப் பிடித்து வைத்து, சூடேறியதும் விட்டுவிடும் ஈருலோகக் கவ்விகள் உண்டு. மற்றதில் இல்லை, அதில் பற்றவைப்பானை வைக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்தால் அந்த எச்சரிக்கையை எழுதவே முடியாது. ஆகவே கவ்வி உள்ளது பற்றவைப்புக் குழி, இல்லாதது மின்குழி என்று பிரிக்கலாம்.

அப்புறம், சாவியை எடுத்த பிறகும் சில குழிகளில் மின்சாரம் இருக்கும். எதையாவது செருகி மறந்துவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. இதை நிலைமின்குழி என்றும், சாவி போட்டால் மட்டும் இயங்குவதைச் சாவி மின்குழி என்றும் சொல்லலாமா?

---

மறுமொழி:

பற்றவைப்புக் குழியைத் தனியாகப் பிரித்தது மிகச் சரி. எனக்கு அது தோன்றவில்லை, நன்றி அம்மா. சாவி மின்குழியும் இருக்கட்டும், கேட்டவுடன் ஓட்டுநருக்குப் புரியும். நிலைமின் மட்டும் வேண்டாம். அது உரசலால் உண்டாகும் மின்னூட்டத்துக்குரிய சொல். தொடர் மின்குழி என்றால் தொடர் இணைப்போடு (சீரிஸ்) குழம்பும். ஓயா மின்குழி எப்படி?

பெயரிலேயே 12 வோல்ட் என்று சேர்க்க வேண்டும் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். லாரிகளில் 24 வோல்ட் வரும், அதனால் அது விளக்கத்தில் இருக்கட்டும். பிஎம்டபிள்யூ பைக்குகளில் உள்ள ஐஎஸ்ஓ 4165 என்ற பன்னாட்டுத் தர வகைக்குச் செருகியின் தடிமன் 12 மில்லிமீட்டர்தான், அது இந்தக் குழியில் நிற்காது. அதைக் குறுமின்குழி என்று தனிப் பதிவாகப் போடலாம். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.