மினியேச்சர் பொம்மை வச்சு விளையாடுறவங்க கொஞ்சம் சொல்லுங்க

ஞாயித்துக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமா கதைக்குள்ள புகுந்து ஆடுற விளையாட்டு) ஆடுறோம், கதை நடத்துறது நான். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுதான். போன மாசம் ஆட்டத்துல ஒருத்தன் ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) வீசினப்போ, 20 அடிக்குள்ள யார் நின்னாங்கன்னு அரை மணி நேரம் சண்டை. அப்புறம்தான் சார்ட் பேப்பர்ல 1 அங்குலக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு 5 அடின்னு வச்சோம். கோப்ளின்ங்கிற குட்டி அரக்கனுக்குப் புளியங்கொட்டை, ஓகர்ங்கிற பெரிய அரக்கனுக்கு கேரம் ஸ்டிரைக்கர் (ஓகருக்கு 2 அங்குலம் வேணும், பத்தல).

இப்போ 28 மி.மீ. பிளாஸ்டிக் பொம்மை நாலு வாங்கியாச்சு. அவசரப்பட்டு பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காம அக்ரிலிக் பூசிட்டேன். ரெண்டே ஆட்டத்துல வாள் நுனியில பெயிண்ட் உரிஞ்சு போச்சு. பிளாஸ்டிக் கெடாம பழைய பெயிண்டை எதை வச்சு எடுக்கலாம்? வண்டிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பிரைமர் சரிப்படுமா?

இன்னொண்ணு, பொம்மை வந்ததுலேர்ந்து பசங்க கதையை விட்டுட்டு கட்டத்தையே எண்றாங்க. நீங்க எல்லாச் சண்டைக்கும் பொம்மையை எடுக்குறீங்களா, பெரிய சண்டைக்கு மட்டுமா?