சவர்த் தண்ணியும் முருங்கையிலைச் சாறும்: மிளகாய்க்குப் பிரயோசனம் இருக்கோ?

செம்மண்:
யாழ்ப்பாணத்து வலிகாமத்தில கிணறு சவராகிற (உப்பாகிற) தோட்டங்களில மிளகாய்க்கு முருங்கையிலைச் சாறு அடிக்கலாம் எண்டுறதுதான் என்ர வாதம். இளந்தளிர் 10 கிலோவுக்கு 1 லீற்றர் தண்ணி விட்டு அரைச்சு, வேட்டித்துணியில பிழியுங்கோ. 16 லீற்றர் டாங்கிக்கு அரை லீற்றர் சாறு, மிச்சம் தண்ணி. கண்டுக்கு 25 மில்லிலீற்றர் காணும். சாறில இருக்கிற சியாட்டின் எண்ட வளர்ச்சி ஓமோன் இலை பழுக்கிறதைப் பிந்த வைக்கும். உப்பால பட்ட கண்டுக்கு அதுதான் தேவை.

கிணத்தடி:
தம்பி, உப்பு வேரடியில, நீங்கள் இலையில அடிக்கிறியள். மண்சாறின்ர (ஊறின மண்ணில இருந்து எடுக்கிற தண்ணியின்ர) மின்கடத்துதிறன், அதாவது உப்பைக் காட்டுற அளவு, மீற்றருக்கு 1.5 டெசிசீமென்சைத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் இறங்கும். அதுக்கு மேல ஒவ்வொரு 1க்கும் கிட்டத்தட்ட 14 வீதம். 3.5 வந்தால் கால்வாசிக்கு மேல போச்சு. ஒரு சாறும் அந்த உப்பை எடுக்காது. தண்ணியைக் கூட விட்டு வேருக்குக் கீழ கழுவுறதுதான் வழி.

செம்மண்:
எந்தத் தண்ணியால, அண்ணை? எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நன்னீர் கடல்நீருக்கு மேல மிதக்குது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில கீழ இருக்கிற உவர்நீர் 40 அடி வரைக்கும் மேல வரும். கழுவ எண்டு மோட்டர் போட்டு இறைச்சால் அதே கிணறுதான் இன்னும் சவராகும். உப்பு போகாது எண்டதை ஒத்துக்கொள்ளுறன். கண்டு தாங்கிற காலத்தைக் கூட்டலாம் எண்டுதான் சொல்லுறன்.

சாதாளை:
சாறு பிழைக்கிறது எங்கயெண்டு ரெண்டு பேரும் சொல்லேல்லை. டாங்கிக்கு விடுறதே அந்தச் சவர்த் தண்ணிதான்! மிளகாய் இலை உப்பை நேரா உறிஞ்சும். நாலைஞ்சு நாளில விளிம்பு காகிதம் மாதிரிக் காய்ஞ்சு சுருளும், பழி முருங்கையில விழும். மழைத்தண்ணியில கலவுங்கோ. வடிகட்டாட்டில் முனை அடைக்கும். அரைச்சு 5 மணித்தியாலத்துக்குள்ள, வெயில் ஏற முந்தி அடிச்சு முடியுங்கோ, புளிச்ச சாறு வேண்டாம். ஒரு வரிசைக்கு வெறும் மழைத்தண்ணி மட்டும் அடிச்சு விடுங்கோ. அந்த வரிசை இல்லாமல் சாறு வேலை செய்தது எண்டு ஆரும் சொல்லேலாது.

கிணத்தடி:
கடைசி வசனம் முழுக்கச் சரி. கழுவுறதுக்கு நான் நம்புறது ஐப்பசி, கார்த்திகை மழையை. அதுக்கு முந்தியே வரம்பை உயர்த்திக் கட்டினால் தண்ணி ஓடாமல் தறையிலயே இறங்கும். கல்சியம் குடுக்கிற ஜிப்சத்துக்குக் காசு கொட்டாதேங்கோ, சுண்ணாம்பு மண்ணில கல்சியத்துக்குக் குறைவில்லை. மழைக்குப் பிறகும் மின்கடத்துதிறன் 3க்கு மேல நிண்டால் மிளகாயை விட்டுட்டு பீற்றூட் போடுங்கோ, அது 4 வரைக்கும் தாங்கும்.

செம்மண்:
வளர்ந்த பீற்றூட் தாங்கும். முளைக்கேக்க 3ஐத் தாண்டினாலே அடிபடும். அப்ப முதல் ரெண்டு கிழமைக்கு மட்டும் மழைத்தொட்டித் தண்ணியைப் பாத்திக்கு ஒதுக்க வேணும்.